ஒரு பிடி விதையும் ஒரு சிறு பொய்யும்

செப்ரெம்பர் பிறந்து காலைக் குளிர் சற்றே தளர்ந்ததும், கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும்போது காதில் விழும் பேச்சு மாறிவிடுகிறது. வீட்டு விலையும் பிள்ளைகளின் பரீட்சையும் பின்னுக்குப் போய், "உங்கட கறிவேப்பிலை தளிர்த்திட்டுதோ?" என்ற விசாரிப்பு முன்னுக்கு வருகிறது. குளிருக்கு இலை கொட்டி வெறும் குச்சியாய் நின்ற செடி பிழைத்ததா என்று ஒருவர் கேட்பார். மற்றவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும் உறவினரின் நிலையைச் சொல்வது போலப் பதில் சொல்வார். அந்த வரிசையில் சென்ற வருடம் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "எங்கட வீட்டில நிக்கிறது ஊர்க் கண்டு. எப்பிடி வந்ததெண்டு மட்டும் கேளாதேங்கோ" என்று சொல்லிச் சிரித்தார். நாமும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் எதற்காகச் சிரித்தோம் என்ற யோசனை வந்தது.

இம்மடலுக்காக நம்மிடம் கேட்கப்பட்டது, வீட்டுப் பின்புறச் சீமெந்துத் தளத்தில் சாடிகளில் தோட்டம் வைப்பது பற்றி ஒரு கட்டுரை. அதையும் எழுதுகிறோம். ஆனால் அந்தச் சிரிப்பு இடையில் வந்து நின்றுகொண்டு விலக மறுக்கிறது. ஆகவே வாசக அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். இது பாதி தோட்டக் கட்டுரை, மீதி வேறொன்று.

நாம் தோட்டக்காரர் அல்லர். தொழிலால் கணக்காளர். மவுண்ட் ரொஸ்கிலில் வாடகை வீட்டில் இருக்கும் குடும்பம். பின்பக்கத்தில் ஐந்து பாய் விரிக்கலாம் போன்ற ஒரு சீமெந்துத் தளம். அதற்கப்பால் புற்றரை, அது வீட்டுச் சொந்தக்காரருடையது. முதல் வருடம் செய்த பிழையை முதலிற் சொல்லிவிடுகிறோம். யாழ்ப்பாணத்தில் சூரியன் தலைக்கு மேலால் போகும். எந்தப் பக்கம் நட்டாலும் வெயில் உண்டு. இங்கே சூரியன் வடக்கு வானத்தில் சாய்ந்து போகிறது. நாம் அதை யோசியாமல் தென்புறச் சுவரோரம் சாடிகளை அடுக்கிவைத்து, மே மாதம் முதல் ஓகஸ்ட் வரை ஒரு கதிர்கூடப் படாமல் அத்தனையையும் சாகவிட்டோம். இந்த நாட்டில் வடக்கு நோக்கிய சுவர்தான் செடிக்குத் தாய்மடி. பகலில் வெயிலை வாங்கி வைத்திருக்கும் செங்கற் சுவராயிருந்தால் இன்னும் நல்லது. ஆடி மாதக் காலையில் ஒக்லாந்தில் வெப்பநிலை 7, 8 பாகைக்கு இறங்கும். யாழ்ப்பாணத்தில் 20 பாகைக்குக் கீழே போவதே அபூர்வம். அந்த வித்தியாசத்தைச் சுவர் சிறிது ஈடு செய்கிறது.

சாடிக்கு அடியில் துவாரம் இருக்க வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். துவாரம் இருந்தும் கீழே தட்டு வைத்துத் தண்ணீர் தேக்கி வேரை அழுக வைப்பவர்கள் நம்மிடையே அதிகம். குளிர்காலத்தில் கறிவேப்பிலை சாவது பெரும்பாலும் குளிரால் அல்ல, நாம் பாசத்தால் ஊற்றும் தண்ணீரால். மே மாதத்துக்குப் பின் மண் காய்ந்த பிறகே கொஞ்சம் ஊற்றி, கூரை விளிம்புக்குக் கீழே இழுத்து வைத்தால் போதும். பூ வந்தால் கிள்ளிவிட வேண்டும். நுனியை ஒடித்து ஒடித்துச் சமைத்தால்தான் கிளை வெடிக்கும்; பார்த்துப் பார்த்து மிச்சம் பிடிப்பவர் வீட்டுக் கறிவேப்பிலை ஒற்றைக் கம்பாகவே நிற்கும்.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். கடையில் பையில் வரும் சாடி மண்ணில் லீஜியோனெல்லா என்ற கிருமியின் ஒருவகை இருக்கக்கூடும். அதன் தூசியைச் சுவாசித்து நிமோனியாக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இந்நாட்டில் ஒவ்வொரு வசந்தத்திலும் கோடையிலும் உண்டு. பையைக் கிழிக்காமல் கத்தரிக்கோலால் மெல்ல வெட்டுங்கள். முகத்திலிருந்து விலக்கிப் பிடியுங்கள். முகக்கவசம், கையுறை போட்டு, மண்ணை நனைத்த பின் அள்ளுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ஊரில் வெறுங்கையால் செம்மண்ணைப் பிசைந்து வளர்ந்த நமக்கு இது சிரிப்பாயிருக்கலாம். வயோதிபர் உள்ள வீடுகளில் சிரிக்க வேண்டாம்.

மற்றவை எளிது. கொத்தமல்லியும் வெந்தயமும் நம் சமையலறைப் போத்தலில் இருப்பதையே தூவலாம். கொத்தமல்லிக்கு இங்கத்தைக் குளிர்தான் பிடிக்கும், கோடையில் உடனே பூத்துவிடும். கீரையைக் கார்த்திகைக்கு முன் தூவினால் முளைக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பச்சை மிளகாய்ச் செடியைச் சுவரோரம் வைத்துக் குளிரைத் தாண்டவைத்தால் இரண்டாம் வருடம் நன்றாகக் காய்க்கும். வெண்டியும் புடோலும் சாடியில் வைத்து நாம் கண்ட பலன் வெட்கப்படும் அளவிலேயே இருந்தது. முருங்கை பற்றிப் பேசாமல் விடுகிறோம்.

வாடகை வீட்டுக்காரருக்குச் சாடி ஏன் பொருந்துகிறது என்பதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. மண்ணில் நட்டது மண்ணுக்கே சேரும் என்பது ஆங்கிலேயச் சட்டத்தின் மிகப் பழைய கொள்கை. நிலத்தில் இறக்கிய கன்று அன்றே நிலச் சொந்தக்காரரின் சொத்து. சாடியில் நிற்பது நம்முடைய தளபாடம் போன்றது. வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகலாம். கணக்காளர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. 2016 ஜனவரி முதல் சர்வதேசக் கணக்கீட்டு நியமங்களின்படி, பல வருடம் விளைவு தந்து, தான் விற்கப்படாத செடி ஆலை இயந்திரத்துக்குச் சமமான சொத்து; பறித்த இலை மாத்திரமே விளைபொருள். நமது கறிவேப்பிலையை நாமும் அவ்வாறே பாவிக்கிறோம், தேய்மானம் மட்டும் எழுதுவதில்லை.

இனி அந்தச் சிரிப்பு.

2019 மார்ச் மாதம் நமது தாயார் முதன்முறையாக இந்நாட்டுக்கு வந்தார். புறப்படுமுன் தொலைபேசியில், "வளவுக் கறிவேப்பிலை பழுத்திருக்குது தம்பி, கொஞ்சம் முடிஞ்சுகொண்டு வரட்டோ?" என்று கேட்டார். கறிவேப்பிலை விதை அதிக நாள் உயிர் தாங்காது என்பதை அறிந்தவர். கறுத்த பழமாய் ஆய்ந்த கையோடு கொண்டுவந்து நட்டால்தான் முளைக்கும். நாம் "ஓம்" என்றும் சொல்லவில்லை, "வேண்டாம்" என்றும் சொல்லவில்லை. "பயணம் கவனம் அம்மா" என்றோம். நமது தொழிலில் இதற்குப் பெயர் உண்டு: தெரிந்தும் வெளிப்படுத்தாமை.

அந்த மரம் சாதாரண மரமல்ல, நமக்கு. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் மழையில் நடந்து வெளியேறியபோது அந்த வளவைப் பூட்டாமல் விட்டுவந்தோம். திரும்பிப் போனபோது வீட்டுக் கூரை இல்லை, கதவு நிலை இல்லை. கிணற்றடியில் கறிவேப்பிலை மட்டும் முன்னைவிடச் செழிப்பாய் நின்றது. அடியைச் சுற்றி அதன் வேரிலிருந்து வெடித்த குட்டிகள். தாயார் அதைப் பார்த்துத்தான் அன்று முதலில் அழுதார்.

விமான நிலையத்தில் அவரை அழைக்க நாமும், அப்போது பத்து வயதான மகளும் போயிருந்தோம். தாயாருக்கு ஆங்கிலம் போதாது என்பதால் விமானத்தில் கொடுத்த வருகை அட்டையை அவர் நிரப்பவில்லை. உள்ளேயிருந்த உத்தியோகத்தர் ஒருவர் உதவி செய்து, கேள்விகளைத் தொலைபேசி மூலம் எங்களிடம் கேட்க, நாம் மொழிபெயர்த்தோம். தாவரம், விதை, பழம் ஏதும் உண்டா என்ற இடம் வந்தது. நாம் ஒரு கணம் நிறுத்தினோம். ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த மகள், "அப்பம்மா, கறிவேப்பிலைக் கொட்டை கொண்டு வந்திருக்கிறியளோ? அப்ப ஓம் எண்டு சொல்லுங்கோ, அது கட்டாயம்" என்றாள். பள்ளியில் அந்த மாதம் முழுக்கப் பழ ஈயைப் பற்றியே பாடம் நடந்திருக்கிறது.

அறிவித்தபடியால் 400 டாலர் தண்டம் இல்லை. உத்தியோகத்தர் மரியாதையாகவே நடந்தார். ஆனால் கைலேஞ்சியில் முடிந்துவந்த அந்தப் பிடி விதை உள்ளேயே நின்றுவிட்டது. தாயார் வெளியே வந்து பேத்தியைக் கட்டி அணைத்தார். நம்மோடு மூன்று நாள் சரியாகப் பேசவில்லை. நாலாம் நாள் தேநீர் குடிக்கும்போது, "ஒரு கொட்டைக்கு இவ்வளவு சட்டமோ? ஆரும் செத்துப்போவினமோ?" என்றார்.

நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் தேடவே இத்தனை வருடம் எடுத்தது.

முதலில் தாயாரின் பக்கத்தைச் சொல்ல வேண்டும். இந்த நாட்டுக்கு வந்தவர் எவரும் வெறுங்கையோடு வரவில்லை. மாவோரிகளின் முன்னோர் படகுகளில் வந்தபோது கூமாரா கொண்டுவந்தார்கள். நம் ஊர் வற்றாளங்கிழங்குதான். வெப்ப நாட்டுக் கொடியை இந்தக் குளிரில் வாழவைக்க மண்ணில் மணலும் சரளையும் கலந்து சூடேற்றினார்கள். கிழங்கைக் குழிகளில் பத்திரப்படுத்தினார்கள். சாடித் தோட்டக்காரர் எல்லோருக்கும் அவர்களே மூத்தோர். பின்னர் வந்த ஆங்கிலேயர் தங்கள் ஓக் மரத்தையும், வேலிக்கென்று முட்புதர்ச் செடியான கோர்ஸையும் கொண்டுவந்தார்கள். 1835 டிசம்பரில் வைமேட் மிசன் தோட்டத்தைப் பார்த்த சாள்ஸ் டார்வின் அந்த வேலியைக் குறித்து வைத்திருக்கிறார். எல்லோரும் கொண்டுவந்த பிறகு கதவைச் சாத்திவிட்டு, கடைசியாய் வந்தவரின் கைலேஞ்சியை அவிழ்ப்பது என்ன தர்மம்?

இந்த வாதம் நமக்குப் பிடித்திருந்தது. பல நாள் அதிலேயே இருந்தோம். ஆனால் அந்தக் கோர்ஸ் வேலியின் மிச்சக் கதையைப் படித்தபோது தளர்ந்தது. நம் ஊரில் கிளுவையும் பூவரசும் நட்ட இடத்தில் நிற்கும் உயிர்வேலி. இங்கே கோர்ஸ் வேலியில் நிற்கவில்லை. மலை மலையாய் மஞ்சட் பூவோடு ஓடிவிட்டது, இன்றுவரை பிடிக்க முடியவில்லை. கம்பளித் தோலுக்கென்று 1837 முதல் கொண்டுவரப்பட்ட பொசம் காடுகளைத் தின்கிறது. கூமாரா வந்த படகுகளிலேயே கியோரே என்ற எலியும் வந்தது. வௌவால் தவிரத் தரைவாழ் பாலூட்டியே இல்லாதிருந்த நாட்டில் அது என்ன செய்திருக்கும் என்று ஊகிக்கலாம். முந்தியவர்கள் கொண்டுவந்தார்கள் என்பது நமக்குத் தரும் உரிமையல்ல போலும். அவர்கள் பட்டதன் கணக்குத்தான் இந்தச் சட்டம். உயிர்ப்பாதுகாப்புச் சட்டம் 1993இல் வந்தது. அதற்கு முன் நூற்றைம்பது வருட நட்டம் இருக்கிறது.

நமக்கும் அந்தக் கணக்குத் தெரியாததல்ல. 1869இல் இலங்கையின் கோப்பிச் செடியில் ஒரு செந்தூள் நோய் கண்டது. அது எவ்வழி வந்தது என்பதை விட்டுவிடுவோம். இருபது வருடத்துக்குள் மலைநாட்டுக் கோப்பி அழிந்தது. தோட்டத் துரைமார் பலர் நொடித்துப் போனார்கள் என்று சரித்திரப் புத்தகங்கள் சொல்லும். மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்துவந்து அந்தத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளருக்கு வேலையும் சோறும் போனதைக் கொஞ்சமாகச் சொல்லும். ஒரு பூஞ்சணம் துரைக்கும் கூலிக்கும் பேதம் பார்ப்பதில்லை. ஆனால் அடி விழும்போது யாருக்கு அதிகம் என்பது எப்போதும் ஒன்றுதான்.

கறிவேப்பிலைக்கே வருவோம். அது தோடை, தேசி இனத்தின் நெருங்கிய உறவு. தோடை மரங்களைக் கொல்லும் ஒரு நோயைக் காவும் மிகச் சிறிய பூச்சிக்குக் கறிவேப்பிலைத் தளிர் என்றால் விருந்து. அமெரிக்காவின் புளோரிடாவில் 1998இல் அந்தப் பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. மாநிலமெங்கும் அது பரவியதற்கு ஒரு முக்கிய வழி, கறிவேப்பிலையின் உறவான ஒரு வெள்ளைப் பூச் செடி; கடைகளில் சாடியில் வைத்து விற்கப்பட்ட அழகுச் செடி. வாசகர் சாடி என்ற சொல்லைக் கவனிக்க. 2005இல் நோய் வந்தது. இருபது வருடத்தில் அங்கே தோடம்பழ விளைச்சல் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது.

உண்மையைச் சொன்னால், அந்தப் பூச்சி இலையிலும் கன்றிலும்தான் பயணம் செய்யும். கழுவிய விதையில் வராது. தாயாரின் கைலேஞ்சியால் எந்தத் தீங்கும் வந்திருக்காது என்பதே நமது எண்ணம். ஆனால் அது நமது எண்ணம். பழத்தோலுக்குள் வேறு என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது, மேசைக்கப்பால் நின்றவருக்கும் தெரியாது. ஆயிரம் பேர் ஆயிரம் கைலேஞ்சி கொண்டுவர, ஒவ்வொருவரும் தன்னுடையது சுத்தம் என்று தானே தீர்ப்பு எழுதினால் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் சரியாகவே இருப்பார்கள். கணக்கில் இதை நிகழத்தக்க பொறுப்பு என்போம். வரும் என்று நிச்சயமில்லை, வந்தால் தாங்க முடியாது. அத்தகையதை ஐந்தொகையில் சேர்க்காவிட்டாலும் குறிப்பிலாவது வெளிப்படுத்த வேண்டும். மறைத்தால் கணக்காய்வாளர் கையெழுத்திட மாட்டார். தாயாரிடம் கேட்கப்பட்டதும் அந்தக் குறிப்புத்தான். விதை வேண்டாம் என்பதற்கு முன்னால், விதை இருக்கிறது என்று சொல் என்பதே.

அந்தப் பொறுப்பு வரும்போது எப்படி வரும் என்பதை நாமே கண்டிருக்கிறோம். 2015இல் கிரே லின்னில் குயின்ஸ்லாந்துப் பழ ஈ. 2019 பெப்ரவரியில், தாயார் வருவதற்குச் சில வாரம் முன், டெவன்போர்ட்டிலும் நோர்த்கோட்டிலும் ஒட்டாராவிலும் பழ ஈக்கள். 2025 ஜனவரியில் பாப்பாட்டோய்ட்டோயில் ஒரு வீட்டு மரப் பொறியில் விழுந்த ஒற்றை ஆண் ஈ. ஒரு ஈ! அதற்கே சுற்றுவட்டார வீடுகளிலிருந்து பழமும் காயும் வெளியே கொண்டுபோகத் தடை, தெருமுனைகளில் விசேட தொட்டிகள். அந்தப் பகுதியில் வாழும் நம்மவர் பலருக்கு இது நினைவிருக்கும். 2010 நவம்பரில் டெ புக்கேயில் கிவிப் பழத்துக்கு வந்த நோயால் தங்கள் கொடிகளைத் தாங்களே வெட்டி வீழ்த்தியவர்களிடம், ஆரும் செத்துப்போவினமோ என்று கேட்க நமக்கு வாய் வராது.

இவ்வளவும் எழுதிய பின்னும் ஒரு முள் எடுபடவில்லை. பொய் சொல்லலாகாது என்று நாம் எந்த முகத்தோடு பேசுவது? நம்மில் எத்தனை பேர் எந்தக் கடவுச்சீட்டில், யாருடைய பெயரில் எந்த எல்லையைத் தாண்டினோம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அகதியாக வருபவர் நேர்வழியில் நுழையவில்லை என்பதற்காகத் தண்டிக்கப்படலாகாது என்று 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு சொல்கிறது. நியூசிலாந்து 1960இல் அதில் சேர்ந்தது. உலகமே ஒத்துக்கொண்ட பொய்கள் உண்டு என்பதுதான் அதன் பொருள்.

2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டதற்குப் பிந்திய நாட்களில் ஒரு மாலை. நாம் அப்போது பட்டம் பெற்று வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞர். தெருவில் ஆயுதத்தோடு வந்தவர்கள் சிலர் இளைஞர்களை மறித்தபோது, பக்கத்துத் தையற்கடைக்கார அம்மா வெளியே வந்து நம் கையைப் பிடித்தார். "இது என்ர அக்காவின்ர மகன். எனக்குக் கடையில உதவிக்கு நிக்கிறவன்" என்றார். அவருக்கு அக்காவே கிடையாது. நமது பெயரும் அவருக்குச் சரியாகத் தெரியாது. அந்தப் பொய்யில்தான் நாம் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஜெர்மானிய ஞானி இமானுவேல் காண்ட் 1797இல் எழுதிய ஒரு கட்டுரையில், கொலைகாரன் வாசலில் வந்து உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று வாதிட்டார். பல்கலைக்கழகத்தில் நண்பர் ஒருவர் சொல்லிக் கேட்டபோது அது வெறும் புத்தகக் கேள்வி. தையற்கடை வாசலுக்குப் பிறகு, காண்டின் வாசலில் உண்மையில் யாரும் வந்து நின்றிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. வள்ளுவர் வாய்மை அதிகாரத்திலேயே, குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்க்கும் ஒரு சிறு வாசல் திறந்து வைத்திருக்கிறார். ஆனால் அந்த வாசலால் நம்மவர் எதையெல்லாம் உள்ளே கொண்டுவருகிறோம் என்று பார்த்தால் அவரே திகைத்துப் போவார். வருமான வரிப் படிவத்தில் தொடங்கிக் கறிவேப்பிலை வரை அது வந்துவிட்டது. ஒருமுறை உயிருக்காகப் பொய் சொல்லத் தெரிந்துகொண்டவனுக்கு, படிவம் கண்ட இடமெல்லாம் சோதனைச் சாவடியாகவே தெரிகிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நமக்கும் அப்படித்தான் தெரிகிறது. தொலைபேசியில் நாம் நிறுத்திய அந்த ஒரு கணம் அதுதான்.

பொய் சிறிதா பெரிதா என்பதைக் கொண்டு இரண்டையும் பிரிக்க முடியாது. தையற்கார அம்மாவின் பொய் மிகப் பெரியது, தாயாருடையது மிகச் சிறியது. நமக்குப் பட்டது இது. அந்த அம்மா தன் பொய்யின் செலவைத் தன் பேரிலேயே எழுதினார். பிடிபட்டிருந்தால் போயிருப்பது அவர் உயிர். நாம் விமான நிலையத்தில் சொல்ல நினைத்த பொய்யில் வரவு நம்முடையது, செலவு நம்மை அறியாத யாரோ ஒருவருடையது. அவரிடம் கேட்கவும் இல்லை. நம் பக்கத்து வீட்டில் ஒரு வயோதிப மாது தனியே இருக்கிறார். அவர் வளவில் ஒரு தேசி மரம். ஒவ்வொரு குளிர்காலமும் பை நிறையப் பறித்து வேலிக்கு மேலால் நீட்டுவார், நாம் ஊறுகாய் போட்டு ஒரு போத்தல் திருப்பிக் கொடுப்போம். பொய்யின் செலவு எழுதப்படவிருந்தது அவர் மரத்தின் பேரில்.

நன்றிக்கடன் என்ற பேச்சு இங்கே வேண்டாம். அகதிக்கு இடம் தருவது ஒரு நாட்டின் கடமை, பிச்சையல்ல. காலம் முழுவதும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஆனால் வேறொன்று உண்டு. நம்மில் பலர் இங்கே அகதி விசாரணையில் உட்கார்ந்தபோது கையில் பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. சொல் மட்டுமே இருந்தது. அந்தச் சொல்லை நம்புவதா என்பதுதான் முழு வழக்கும். இன்றும் யாரோ ஒருவர் அவ்வாறு உட்கார்ந்திருக்கிறார். தமிழர் சொன்னால் அது இருக்கும் என்ற பெயர் அவருக்கு ஒரு பத்திரம் போல உதவக்கூடும். அதை ஒரு பிடி விதைக்குச் செலவழிப்பது விலை அதிகம்.

இதையெல்லாம் தாயாரிடம் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியவில்லை. அப்போது இவ்வளவு தெளிவாகத் தெரியவும் இல்லை. ஒரு ஞாயிற்றுச் சந்தையில் கறிவேப்பிலைக் கன்று ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அவர் இலையைக் கசக்கி மணந்து பார்த்து, "மணம் காணாது" என்றார். ஆனால் போகும்வரை தினமும் அவரே தண்ணீர் ஊற்றினார். அந்தக் கன்றின் பாட்டன் எவ்வழியாக இந்த நாட்டுக்குள் வந்தான் என்று நாம் விற்றவரிடம் விசாரிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நமது தர்மம் அவ்வளவு நீளம்தான்.

2020 மார்ச்சில் எல்லைகள் மூடின. 2021 ஓகஸ்டில் தாயார் காலமானார். நாம் போக முடியவில்லை. கைத்தொலைபேசித் திரையில் பார்த்தோம். அந்த வளவு இப்போது கைமாறிவிட்டது. வாங்கியவர் கிணற்றடியில் கொட்டகை போட்டிருக்கிறார் என்று கேள்வி. ஆகவே அந்த மரம் இல்லை. அந்தப் பிடி விதையில் ஒன்றாவது இங்கே முளைத்திருந்தால் என்ற எண்ணம் ரசம் தாளிக்கும்போதெல்லாம் வரத்தான் செய்கிறது. சரியானதைச் செய்தால் மனம் ஆறும் என்பது பொய். நம் மகள் செய்தது சரி. அது ஆறவில்லை. இரண்டும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. நாம் அதைக் கூட்டிக் கழிக்க முயலவில்லை.

2023 ஜனவரி 27ஆம் திகதி வெள்ளத்தில் எங்கள் சாடிகள் எல்லாம் மிதந்தன. நிலத்தில் வேர்விட்ட மரங்கள் நின்றன. கொத்தமல்லியும் மிளகாயும் எங்கோ போயின. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மாது கறிவேப்பிலைச் சாடியைத் தன் வேலியோரத்திலிருந்து மீட்டு, சேறு கழுவி, சக்கரக் கூடையில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். அது என்ன செடி என்று அவருக்கு அதுவரை தெரியாது. நாம் இலை ஒன்றைக் கசக்கிக் கொடுத்தோம்.

மகளுக்கு இப்போது பதினேழு வயது. இந்த டிசம்பரில் முதன்முறையாகத் தனியே யாழ்ப்பாணம் போகிறாள். இம்மடலின் ஆங்கிலப் பக்கத்தை மட்டுமே வாசிப்பவள், ஆதலால் இதை அவள் காணப்போவதில்லை. அந்தக் கிணற்றடியைப் பார்த்துவிட்டு வருவாளாம். வைட்டாக்கரே மலைத்தொடரில் கவுரி மரங்களுக்கு வந்த வேரழுகல் நோய் சப்பாத்து மண்ணோடு பரவும் என்று 2017இல் அவ்விடத்து மாவோரி மக்கள் காட்டுக்குள் கால் வைப்பதற்கே தடை அறிவித்ததும், 2018இல் மாநகரசபை காட்டை மூடியதும் அவளுக்குச் சின்ன வயதிலேயே பதிந்த விஷயம். பயணப் பெட்டியின் பக்கப் பையில், திரும்பி வருமுன் சப்பாத்தின் அடியைத் தேய்த்துக் கழுவவென்று பழைய பற்தூரிகை ஒன்றை இப்போதே எடுத்து வைத்திருக்கிறாள்.